பாட்டனார் பிறந்த இடம்

திங்கள், கொட்டாஞ்சேனை

இலங்கையின் முதலாவது நவீன குடிசன மதிப்பீடு 1871 மார்ச் 27 அன்று நடைபெற்றது. ஆயினும் கொட்டாஞ்சேனைக் குடும்பமொன்றின் முன்னோரைத் தேடுவோருக்கு அதன் அறிக்கையில் கிடைப்பவை தொகைகளேயன்றிப் பெயர்கள் அல்ல. இங்கிலாந்தில் நூறாண்டு கடந்த வீட்டுப் படிவங்களை எவரும் பார்வையிடலாம். அத்தகைய வசதி இங்கு இல்லாமையால், ஒல்லாந்தர் காலத் தோம்புகளும், அதாவது குடிகளையும் காணிகளையும் பெயர் குறித்துப் பதிந்த ஏடுகளும், கொட்டாஞ்சேனைத் தேவாலயங்களின் திருமுழுக்குப் பதிவேடுகளும் அக்குறையை ஓரளவு நிரப்புகின்றன.

எனினும் தொகை அட்டவணைகளை ஒதுக்கிவிடுவது தவறு. பொன்னம்பலம் அருணாசலத்தின் பொறுப்பில் 1901இல் நடந்த மதிப்பீட்டில் ஒரே இனமாக எண்ணப்பட்ட தமிழர், 1911இல் இலங்கைத் தமிழர், இந்தியத் தமிழர் என இரண்டாகப் பிரிக்கப்பட்டனர். தூத்துக்குடியிலிருந்து வந்து தலைமுறைகளாகக் கொழும்பிலேயே வாழ்ந்த ஒரு குடும்பம் இவ்விரண்டில் எதனுள் அடங்கும் என்பது அன்றைய கணக்கெடுப்பாளரின் பேனாவைப் பொறுத்ததாயிற்று.

வியாழன், வெள்ளவத்தை

1983 யூலைக் கலவரத்தில் வீட்டோடு ஆவணங்களையும் பறிகொடுத்த குடும்பங்கள் வெள்ளவத்தையில் பல. அவற்றின் வரலாற்றைத் தேடுபவர் முதலில் நாடவேண்டியது பிறப்புப் பதிவையே. பிறந்தவரின் பெயர், பெற்றோரின் பெயர், இனம் ஆகியவற்றுக்குக் கீழே, பாட்டனார் இலங்கையில் பிறந்தவராயின் அவரது முழுப்பெயர், பிறந்த ஆண்டு, பிறந்த இடம் ஆகியவற்றைக் கேட்கும் கூடு ஒன்று சுதந்திரத்துக்குப் பிந்திய படிவங்களில் உண்டு. தந்தை இங்கு பிறவாதவராயின் பூட்டனாரைப் பற்றியும் அது கேட்கிறது. குடும்பப் பாசத்தால் எழுந்த கேள்விகள் அல்ல இவை. 1948ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கக் குடியுரிமைச் சட்டம், அதற்கு முன்னர் இலங்கையில் பிறந்தவர் வம்சாவழிக் குடியுரிமை பெற, தந்தையோ, அன்றேல் தந்தைவழிப் பாட்டனும் பூட்டனும் இங்கு பிறந்திருக்க வேண்டும் என்று விதித்தது. பிறப்பைப் பதிவதே அரிதாயிருந்த தலைமுறைக்குச் சான்று கேட்ட அச்சட்டம், இலட்சக்கணக்கான மலையகத் தமிழரை நாடற்றவராக்கியது. அந்தக் கூட்டில் இடப்பட்ட ஒரு வெற்றுக் கோட்டை எழுதுநரின் சோம்பல் என்று எண்ணி ஆய்வாளர் கடந்துவிடலாகாது.

வெள்ளி, வெள்ளவத்தை

தாய்வழிப் பாட்டனுக்கு அப்படிவத்தில் கூடு இல்லை. தாயின் பெயரோடு அவளுடைய தந்தையின் பெயரும் சேர்த்து எழுதப்பட்டிருந்தால் அந்த வழி ஒரு தலைமுறையேனும் தொடரும். இல்லையேல் பெண்வழி முழுவதும் அவ்விடத்திலேயே அறுந்துபோகிறது. இது பெரும் இழப்பு. இதனை ஈடுசெய்ய, பலரும் பார்க்காமல் விடும் தகவல் கொடுத்தவர் பற்றிய பகுதியைப் படிக்க வேண்டும். பிறப்பை அறிவித்தவரின் பெயரும், வதிவிடமும், எத்தகைமையில் அறிவித்தார் என்பதும் அங்கே உள்ளன. அறிவித்தவர் குழந்தையின் தாய்மாமனாக இருப்பின், தாயின் பிறந்தகத்து முகவரி அவரது கையொப்பத்துக்கு அருகிலேயே கிடைத்துவிடக்கூடும்.