கரை போட்ட கடுதாசி

விமானத் தபால் உறையின் ஓரத்தில் சிவப்பும் நீலமுமாகச் சாய்ந்து ஓடும் பட்டைகளை எங்கள் லயத்தில் புடவைக்குச் சொல்வதுபோல 'கரை' என்றுதான் சொல்வார்கள். அப்பாயிக்கு எழுத்துத் தெரியாது. ஆனால் தபால்காரர் வளைவு திரும்பும்போதே, அவர் கையிலிருக்கும் கட்டில் கரை போட்டது இருக்கிறதா என்று சொல்லிவிடுவார். இருந்தால் கொழுந்துக் கூடையை இறக்கிவைத்துவிட்டு நிற்பார். படிப்பது என் வேலை.

கரையிலும் தினுசுகள் உண்டு. பிரேசில் உறைகளில் பச்சையும் மஞ்சளும் ஓடும், அயர்லாந்து உறைகளில் பச்சையும் ஆரஞ்சும். நீலகிரியில் எங்கள் சேரம்பாடி கடைவீதியில் டீக்கடை நடத்தும் மலையாளி நண்பர், அவருடைய அண்ணன் துபாயிலிருந்து போட்ட உறைகளைக் கட்டோடு எடுத்துக் கொடுத்தார். அவற்றில் பட்டைகள் அகலம், தாளும் முரடு. என்னிடம் உள்ள இலங்கை உறைகள் வெங்காயச் சருகுபோல மெல்லியவை. வெளிச்சத்தில் பிடித்தால் உள்ளே மடித்த எழுத்து நிழலாகத் தெரியும். விமானத் தபாலில் எடைக்குத்தான் காசு. கூலியில் மிச்சம் பிடித்து எழுதியவர்களுக்கு அந்த மெலிசு அவசியமாக இருந்தது.

சேகரிப்பாளர்கள் ஆசைப்படுவது 1911 பிப்ரவரி 18 அன்று ஆன்றி பெக்கே என்ற பிரெஞ்சு விமானி அலகாபாத்திலிருந்து ஆற்றுக்கு அக்கரையிலிருந்த நைனிக்குக் கொண்டுபோன சுமார் 6,500 கடிதங்களில் ஒன்றுக்கு. உலகின் முதல் அதிகாரபூர்வ விமானத் தபால் அது. எனக்கு இந்த மலைக்கு வந்த உறைகளே போதும்.

1964 அக்டோபர் 30-ல் இலங்கைப் பிரதமர் சிறிமாவோவும் இந்தியப் பிரதமர் சாஸ்திரியும் போட்ட கையெழுத்தில் 5,25,000 மலையகத் தமிழர்கள் இந்தியாவின் கணக்கில் வந்தார்கள். அவர்களுக்கு வேலை கொடுக்க 1968-ல் தமிழக அரசு தொடங்கிய தேயிலைத் திட்டம்தான் 1975-ல் டேன்டீ என்ற அரசுத் தேயிலைத் தோட்டக் கழகம் ஆனது. சேரங்கோடு, சேரம்பாடி, நெல்லியாளம் என்று பல குடும்பங்கள் இங்கே வேர்பிடித்தது அப்படித்தான். அண்ணனுக்கு இந்தியா, தம்பிக்கு இலங்கை என்று பிரிந்த வீடுகள் ஏராளம். ஒப்பாரி கோச்சி என்று பேர்வாங்கிய ரயிலில் அழுதுகொண்டே தலைமன்னார் வந்து, அங்கிருந்து கப்பலில் ராமேஸ்வரம். ஆட்கள் கடலில் வந்தார்கள். அவர்களைத் தேடிக் கடுதாசி வானத்தில் வந்தது. இரத்மலானையிலிருந்து காங்கேசன்துறை வழியாகச் சென்னைக்கு ஏர் சிலோன் பறக்க ஆரம்பித்தது 1947 டிசம்பரில். 1984-ல் கப்பலும் நின்றுபோனபின் கடுதாசி மட்டுமே போக வர இருந்தது.

அப்படி வந்தவற்றில் ஓர் உறையை நான் அடிக்கடி எடுத்துப் பார்ப்பேன். ஊதா மையில் எழுதிய முதல் முகவரி மண்டபம் முகாம். யாரோ அதைக் குறுக்கே ஒரே கோடாக அடித்து, சிவப்பு மையில் கொட்டப்பட்டு முகாம், திருச்சி என்று எழுதியிருக்கிறார்கள். அதையும் அடித்து, மூன்றாவது கை, பென்சிலில், 'சேரங்கோடு, நீலகிரி' என்று ஓரத்துக் கரைமேல் ஏற்றி எழுதியிருக்கிறது. வேறு இடம் மிச்சமில்லை. திருப்பினால் முத்திரைமேல் முத்திரை. ஒரு குடும்பம் எங்கெங்கே தங்கி எப்படி இங்கே வந்து சேர்ந்தது என்பதை முகம் தெரியாத மூன்று பேர் அந்தச் சாண் அகலத் தாளில் எழுதிவைத்துவிட்டார்கள். உள்மூலையில் இன்னும் சாம்பல் நிறம் ஒட்டியிருக்கிறது. தோட்டத்து மாரியம்மன் கோயில் விபூதி. தாளையே உறையாக மடித்து ஒட்டும் ஏரோகிராமுக்குள் எதையும் வைக்கக் கூடாது என்பது விதி. விபூதி அனுப்பவும் போட்டோ அனுப்பவும் உறைதான் வேண்டும்.

தபால்தலை மட்டும் போதும் என்று உறையை வெட்டித் தண்ணீரில் ஊறவைப்பவர்கள்மீது எனக்குக் கோபம் உண்டு. ஊற வைத்தால் மிஞ்சுவது கடையில் கிடைக்கிற ஒரு தலை. அடித்தல் திருத்தலும் விபூதியும் வாளித் தண்ணீரோடு போய்விடும். ஆனால் அந்த இலங்கைத் தலைகளைச் சும்மா சொல்லக் கூடாது. சிங்களத்துக்குப் பக்கத்தில் 'இலங்கை' என்று தமிழிலும் அச்சடித்தவை அவை. இங்கிருந்து நாங்கள் ஒட்டி அனுப்பியதில் இந்தியும் ஆங்கிலமும்தான். குடியுரிமை தராமல் அனுப்பிய நாட்டின் தலையில் தமிழ் இருந்ததும், ஏற்றுக்கொண்ட நாட்டின் தலையில் அது இல்லாததும் அப்பாவுக்குக் கடைசிவரை ஒரு குறை.

இந்த ஊரில் காகிதத்துக்கு எதிரி மழை. ஜூனில் பிடித்தால் சுவரே வியர்க்கும். கரையின் சிவப்பு இளகி முகவரிமேல் இறங்கிவிடும். அப்பாயி அடுப்புக்கு மேலே பரணில், பிஸ்கட் டின்னில் வைத்திருந்தவை மட்டும் புகையேறிப் பழுப்பாகி, ஆனால் ஈரம் படாமல் தப்பின. என் சேகரிப்பே அந்த டின்னில் தொடங்கியதுதான்.

என்னிடம் இருப்பவை எல்லாம் இங்கே வந்தவை. இங்கிருந்து போனவை ஹட்டனிலும் பதுளையிலும் லயத்துக் காம்பராக்களில் இருக்க வேண்டும். 1977-லும் 1983-லும் நடந்த கலவரங்களில் எரிந்த வீடுகளோடு எத்தனை போயினவோ. அந்தப் பக்கம் சொந்தம் உள்ள யாரைப் பார்த்தாலும் கேட்கிறேன்: சேரங்கோட்டு முத்திரை குத்திய உறை ஒன்று கிடைத்தால், தலையை வெட்டாமல், முழுசாகக் கொடுத்தனுப்புங்கள்.