பல் சொல்லும் பெயர்

‘பல் போனால் சொல் போயிற்று’ என்பது நம் முன்னோர் மொழி. ஆனால் சொல் ஒழிந்து உயிரும் நீங்கிய பின்னர், பல் மட்டும் எஞ்சிநின்று தன்னை உடையார் பெயரைச் சொல்லவல்லது என்பதைச் சென்ற ஆண்டிலேதான் அறிந்தோம். அறிந்த விதத்தை எழுதப் புகுங்கால், நமது பிழை ஒன்றையும் உடன் எழுதவேண்டியிருக்கின்றது.

கடைவாய்ப் பல் ஒன்று இரவெல்லாம் நம்மை வருத்த, விடிந்ததும் பல் வைத்தியரை நாடினோம். அவர் நோவுற்ற பல்லைத் தொடுமுன், வாயிலுள்ள பற்கள் யாவற்றையும் ஒவ்வொன்றாக நோக்கி எண் சொல்லிவர, உதவியாளர் ஓர் அட்டையிற் குறித்துக்கொண்டே வந்தார். இளமையிற் பிடுங்கிய பல், பின்னர் அடைத்த பல், சற்றே சாய்ந்து முளைத்த பல் எல்லாம் அதில் ஏறின. பொறுமையிழந்த நாம், “நோவது ஒன்று, எழுதுவது முப்பத்திரண்டா?” என்று வினவினோம். அவர் நகைத்து, “வைத்தியத்திற்காகவே எழுதுகிறேன், ஐயா. ஆயினும் இவ்வட்டைக்கு வேறொரு பயனும் உண்டு” என்று கூறி, வேலை முடிந்தபின் பாரிஸ் நகரத்துச் செய்தியொன்றைச் சொன்னார். பின்னர் நூல்களிலும் அதனைத் தேடிப் படித்தோம்.

அந்நகரில் உயர்குலப் பெண்டிர் ஏழைகளுக்கு உதவும்பொருட்டு ஆண்டுதோறும் ஒரு தர்மச்சந்தை நடத்திவந்தனர். 1897-ம் ஆண்டு மே மாதம் 4-ந் தேதி, மரத்தாற் கட்டிய கொட்டகையொன்றில் அச்சந்தை கூடியிருந்தது. அக்காலத்துப் புதுமையாகிய சலனப்படமும் அங்கே காட்டப்பட்டது. படக்கருவியின் விளக்கிற்கு வார்க்கும் ஈதர் தீப்பற்றிக்கொள்ள, சில நிமிஷங்களிற் கொட்டகை முழுதும் எரிந்தது. நூற்றிருபதின்மருக்கு மேற்பட்டோர் மாண்டனர். அவருட் பெரும்பாலார் பெண்டிர். ஆஸ்திரியப் பேரரசி எலிசபெத்தின் தங்கையாகிய அலான்சோன் கோமகளும் அவர்களுள் ஒருவர்.

கரிந்த உடல்களை மோதிரங் கண்டும் ஆடைத்துணுக்குக் கண்டும் உற்றார் கேட்டுப் பெற்றனர். அவ்வடையாளமும் அழிந்தவிடத்து என் செய்வது? பராகுவே நாட்டுக் கான்சலாயிருந்த ஆல்பர்ட் ஹான்ஸ் என்பார், இறந்தோருக்குப் பல் வைத்தியம் செய்தவர்களை அழைக்கலாமே என்றார். அவ்வாறே டாவென்போர்ட் என்னும் வைத்தியர் வந்து, தாம் முன் எழுதிவைத்த குறிப்போடு ஒப்பிட்டுக் கோமகளின் உடல் இதுவெனத் துணிந்தார். மறுவருடம், பாரிஸிலிருந்த கியூபா நாட்டுப் பல் வைத்தியர் ஆஸ்கார் அமோயேதோ, நீதிமன்ற வைத்தியத்திற் பல்லின் பயனை ஒரு பெரிய நூலாகவே வெளியிட்டார்.

பல்லுக்கு இவ்வாற்றல் வந்த காரணம் யாது? அதன் மேற்பூச்சாகிய எனாமல் நம் உடலில் யாவற்றினும் வன்மையுடையது. நிறையில் நூற்றுக்குத் தொண்ணூற்றைந்து பங்குக்கு மேல் தாதுப்பொருளே. ஆதலின் தசை அழிந்த பின்னரும் அது நிற்கும். பிடுங்கியது, அடைத்தது, சாய்ந்தது என்னும் வேறுபாடுகள் பல பற்களிற் கூடும்போது, ஒருவர் வாய் மற்றொருவர் வாயை ஒப்பது அரிது. ஒப்பிடும் முறையிலும் ஒரு நுட்பம் உண்டு. உயிரோடிருந்தபோது அடைக்காதிருந்த பல், இறந்தவர் வாயில் அடைத்துக் காணப்படின், பின்னர் அடைத்தது எனலாம். பிடுங்கியதாக எழுதப்பட்ட பல் வாயில் இருக்கக் காணின், எழுத்துப் பிழையன்றாயின், அவர் வேறொருவரே. பிடுங்கிய பல் திரும்ப முளைப்பதில்லையன்றோ? இன்றும் பெருவிபத்துக்களில் இறந்தோரை அறிய விரல்ரேகை, மரபணு ஆகியவற்றோடு பல்லும் முதன்மைச் சான்றாகக் கொள்ளப்படுகின்றது.

ஆயினும் பல் தனியே பேசுவதன்று. ஏடு இருந்தாலன்றோ அது பேசும்? கோமகளுக்கு வைத்தியரும் இருந்தார், அவர் எழுதிய குறிப்பும் இருந்தது. அத்தீயில் மாண்டு இன்னாரென்று அறியப்படாதோருக்குப் பெர் லாஷேஸ் இடுகாட்டில் பொதுவாக ஒரு நினைவுச்சின்னம் நிற்கின்றது. தனித்தனிப் பெயர் பெறாது மறைந்த அவரை நினைக்குந்தோறும் நமது நெஞ்சு நம்மைச் சுடுகின்றது.

ஏனெனில், முன்னொருகால் நாம் ஒரு மாணவர் விடுதியின் மேற்பார்வையில் இருந்தோம். ஆண்டுதோறும் உடல்நலப் பதிவேட்டில் ‘பற்கள்’ என்னும் கட்டம் ஒன்று வரும். ஒரு பிள்ளையின் வாயையேனும் திறந்து பாராது, மேலிருந்து கீழ்வரை ‘நலம்’, ‘நலம்’ என்றே எழுதிக் கையொப்பமிட்டோம். அவருட் பலர் பல் வைத்தியரையே கண்டறியாத குடும்பத்துப் பிள்ளைகள். அவர்தம் பற்களைப்பற்றி உலகில் எழுதப்பட்ட ஒரே எழுத்து நமது அப்பொய்யெழுத்தாகவே இருத்தல்கூடும். அவருள் எவர்க்கும் அவ்வேடு வேண்டப்படும் நாள் வாராதிருக்கக் கடவுள் காப்பாராக. வந்திருந்தால் அது உதவியிராது; வேறொருவர் என்று விலக்கவும் ஏதுவாகியிருக்கும்.

மாணவ நண்பர்களே, உங்களுட் சிலர் நாளை வைத்தியராவீர், சிலர் ஆசிரியராவீர், சிலர் அலுவலகத்தில் ஏடு எழுதுவீர். யாரும் படியார் என்று தோன்றும் கட்டம் ஒன்று உங்கள் முன்னும் வரும். அப்போது பார்த்து எழுதுங்கள். பாராவிடின் வெறுமையாக விடுங்கள். ஒரு தாய் தன் மகனை இவனென்று அறிந்து அடக்கஞ் செய்வது, ஒருநாள் அவ்வொரு வரியைப் பொறுத்ததாக இருக்கலாம்.