கிரெடிட் கணக்கு

ஒரு கல்லூரி சர்வதேசமயமாகிவிட்டதா என்று கேட்டால், வெளிநாட்டுப் பல்கலைக்கழகங்களோடு போட்ட புரிந்துணர்வு ஒப்பந்தங்களை எண்ணிக் காட்டுவது வழக்கம். வெளிநாட்டுத் தொடர்பு அலுவலகத்தில் வேலை பார்க்கும் எங்களுக்கு அந்த எண்ணிக்கை அதிகம் சொல்வதில்லை. ஒரு செமஸ்டர் வெளியே படித்துவிட்டுத் திரும்பும் மாணவர், விட்டுப்போன பாடங்களை அரியர் போல மறுபடி எழுதுகிறாரா, அங்கே வாங்கிய கிரெடிட் அப்படியே இங்கே ஏறுகிறதா என்பதுதான் நாங்கள் உரசிப் பார்க்கும் கல். கைகுலுக்கும் மேடையில் அது முடிவாவதில்லை. இரண்டு சிலபஸை அருகருகே விரித்துவைத்து நாங்கள் போடும் பாட ஒப்பீட்டு அட்டவணையில்தான் முடிவாகிறது.

அட்டவணையின் முதல் பத்தியிலேயே சிக்கல் ஆரம்பம். ஐரோப்பாவின் ஈசிடிஎஸ் முறையில் ஓர் ஆண்டுப் படிப்பு 60 கிரெடிட். ஒரு கிரெடிட்டுக்கு மாணவரின் உழைப்பு 25 முதல் 30 மணி நேரம்; வகுப்பு, லேப், அறையில் படிப்பது, தேர்வுக்குத் தயாராவது எல்லாம் அதில் அடக்கம். நம் தேசிய கிரெடிட் கட்டமைப்பிலோ ஆண்டுக்கு 40 கிரெடிட், ஒவ்வொன்றுக்கும் 30 மணி நேரம். இங்கே 4 கிரெடிட் பெறும் வெப்ப இயக்கவியல் பாடத்தை எடுத்துக்கொள்வோம். மணிக்கணக்கில் அது 120 மணி நேரம். அங்கே 4 முதல் 4.8 கிரெடிட்தான் தேறும். ஆண்டுப் படிப்பில் அதன் பங்கைப் பார்த்தால் பத்தில் ஒன்று. அப்போது 6 கிரெடிட். இரண்டு விடையும் கணக்குப்படி சரி. பங்கை வைத்துப் போடுவதே நியாயம் என்பது என் கட்சி. மணி நேரம் இரு பக்கமும் காகிதத்தில் மதிப்பிட்டது. யாரும் கடிகாரம் வைத்து அளந்ததில்லை. மாணவர் செலவழித்த ஆண்டு மெய்யானது. இங்கே முழு ஆண்டும் படித்தவருக்கு அங்கே 60க்கு 40 முதல் 48 கிரெடிட் மட்டும் கொடுத்தால், மிச்சத்தை அவர் எங்கே போய்த் தேடுவார்? எண் பொருந்திய பிறகே பாடத்துக்குள் போக வேண்டும். அங்கே ஒரு யூனிட் குறைந்தால் உடனே நிராகரிக்கத் தேவையில்லை. அடுத்த செமஸ்டரில் எந்தப் பாடம் அந்த யூனிட்டின் மேல் நிற்கிறது என்று பார்த்தால் போதும். எதுவும் நிற்கவில்லை என்றால் விட்டுவிடலாம்.

முன்கூட்டியே ஒப்பிட்டு முடிவுசெய்யும் இந்த ஒழுங்கைத் தொழில்துறை நமக்கு முன்பே கற்றுக்கொண்டது. திருப்பூரில் ஏற்றுமதி ஆர்டருக்குத் துணி வெட்டுவதற்கு முன்பு பிபி சாம்பிளை, அதாவது உற்பத்திக்கு முந்தைய மாதிரியை, பையர் பார்த்து ஒப்புதல் தர வேண்டும். மார்பளவு எத்தனை சென்டிமீட்டர், எவ்வளவு கூடக் குறைய இருக்கலாம் என்பதெல்லாம் ஸ்பெக் ஷீட்டில் முன்கூட்டியே எழுதப்பட்டிருக்கும். சரக்கு கப்பல் ஏறிய பிறகு அளவைப் பற்றிப் பேச யாரும் காத்திருப்பதில்லை. 1987இல் தொடங்கிய எராஸ்மஸ் திட்டத்திலும் வேலை இப்படித்தான் நடக்கிறது: எந்தப் பாடம் எதற்கு ஈடு என்று எழுதிய கற்றல் ஒப்பந்தத்தில் மாணவரும் இரு பல்கலைக்கழகங்களும் பயணத்துக்கு முன்பே கையெழுத்திடுகிறார்கள். நம் கல்லூரிகளில் பெரும்பாலான தகராறுகள் இந்த வேலையை மாணவர் திரும்பி வந்த பிறகு செய்வதால் வருபவை.

அறிவைக் கிரெடிட்டாக நறுக்கினால் தரம் நீர்த்துப்போகும் என்று பேராசிரியர்கள் ஆட்சேபிப்பதுண்டு. தங்கள் சிலபஸின் ஒவ்வொரு வரியும் அங்கேயும் இருக்க வேண்டும் என்பதே அதன் உட்பொருள். அப்படியானால் வெளியே அனுப்புவதில் அர்த்தமே இல்லை. வேறு விதமாகக் கற்கத்தானே அனுப்புகிறோம். 1997இன் லிஸ்பன் உடன்படிக்கை இதற்கு ஒரு நல்ல விதி வகுத்தது: கணிசமான வேறுபாடு இருந்தால் மட்டுமே அங்கீகாரத்தை மறுக்கலாம், அதை நிரூபிக்கும் பொறுப்பு மறுப்பவருடையது. இந்தியா 2014இல் முழு உறுப்பினரான வாஷிங்டன் உடன்பாடும் பொறியியல் பட்டங்களை வரிக்கு வரி ஒப்பிடுவதில்லை. படித்து முடித்தவரால் என்ன செய்ய முடிகிறது என்பதையே அளவுகோலாக வைக்கிறது. தரம் காக்கப்படுவது அந்த அளவுகோலில்தான்.

இதைவிடக் கனமான கேள்வி, வெளியே போகும் வசதி எத்தனை பேருக்கு உண்டு என்பது. டிக்கெட், விசா, தங்கும் செலவு எல்லாம் சேரும்போது போகிறவர்கள் மிகச் சிலரே. அதை மறுக்க முடியாது. ஆனால் ஒரு பாடம் எதைக் கற்றுத்தருகிறது என்று பிறர் படித்துப் புரியும்படி எழுதும் பழக்கம், உள்ளூரிலேயே கல்லூரி மாறுபவருக்கும் இடையில் படிப்பை நிறுத்தியவருக்கும் உதவுகிறது. 2021இல் வந்த கிரெடிட் வங்கித் திட்டம் இதே அடித்தளத்தில்தான் நிற்கிறது. வெளிநாட்டு வளாகங்களே இங்கு வருகின்றனவே, இனி இந்த வேலை எதற்கு என்றும் சிலர் கேட்கிறார்கள். குஜராத்தின் கிஃப்ட் சிட்டியில் டீக்கின் பல்கலைக்கழகம் தொடங்கிவிட்டது உண்மை. அது அங்கே சேருபவர்களின் கதை. நம் கல்லூரியில் இருந்துகொண்டே கூட்டுப் பட்டம் பெற வேண்டுமென்றால், யுஜிசியின் 2022 விதிகளின்படி இரு நிறுவனங்களிலும் தலா 30 சதவீதமாவது கிரெடிட் சேர்க்க வேண்டும். அட்டவணை இல்லாமல் அந்த 30 சதவீதத்தை யார் எண்ணுவது?

ஆகவே, ஒப்பந்தத்துக்கு முன்பே அட்டவணை தயாராக வேண்டும். சிலபஸ் படித்து ஒப்பிடும் ஆசிரியருக்கு அந்த நேரம் பணிச்சுமையில் ஏற வேண்டும். ஆண்டறிக்கையில் எத்தனை ஒப்பந்தம் என்று எழுதும் இடத்தில், மறுதேர்வு இல்லாமல் ஏறிய கிரெடிட் எத்தனை என்று எழுதச் சொன்னால், பல கல்லூரிகளின் சர்வதேசக் கணக்கு வெளிச்சத்துக்கு வந்துவிடும்.