தண்ணீர் போக ஒரு வழி

ரயில் பெட்டியில் முதலில் கெடுவது எது என்று கேட்டால் பலரும் சக்கரத்தைச் சொல்வார்கள். பெட்டிகளைப் பழுது பார்த்தே தலை நரைத்த என்னைப் போன்றவர்கள் கழிப்பறைக்கு அடியைக் காட்டுவோம். பக்கச் சுவரும் தரையும் சேரும் இடம் அது. பெட்டியின் நீளத்துக்கும் ஓடும் ‘சோல்பார்’ என்ற இரும்புச் சட்டத்தோடு இரண்டும் அங்கே பற்றவைக்கப்பட்டிருக்கும். அந்தச் சட்டம் அரித்துவிட்டால் சுவர் ஒரு பக்கம், தரை ஒரு பக்கம்.

டெல்லி சாணக்கியபுரியில் 1977-ல் திறக்கப்பட்ட தேசிய ரயில் அருங்காட்சியகத்தில் மைசூர் மகாராஜாவின் 1899-ஆம் ஆண்டு சலூன் நிற்கிறது. பேரப் பிள்ளைகள் அதன் அலங்காரத்தை வேடிக்கை பார்ப்பார்கள். நான் குனிந்து அடிப்பாகத்தைப் பார்ப்பேன். அந்தக் காலத்துப் பெட்டி, இரும்புச் சட்டத்தின் மேல் தூக்கி வைத்த மர அறை. பாரத்தைச் சுமப்பது சட்டம். மேலே மரம் உளுத்தால் மரத்தை மட்டும் மாற்றலாம். 1955-ல் தொடங்கிய பெரம்பூர் தொழிற்சாலையின் பெட்டிகள் அப்படியல்ல. சுவர், தரை, கூரை எல்லாம் ஒரே கூடாகச் சேர்ந்து பாரம் சுமக்கும். அதனால் எடை குறைவு, உறுதி அதிகம். ஆனால் ஓரிடத்தில் துரு பிடித்தால் அந்தப் பாரமும் மற்றவற்றின் தலையில் விழும். சேர்ந்து சுமப்பதில் லாபமும் உண்டு, கடனும் உண்டு. கூட்டுக் குடும்பம் நடத்தியவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

விரிசலைக் கண்டதும் கை பட்டியைத்தான் தேடும். பூசித் தேய்த்துப் பெயிண்ட் அடித்துவிட்டால் கொஞ்ச நாளைக்கு யார் கண்ணிலும் படாது. உள்ளே ஈரம் பூட்டிக்கொண்டு தன் வேலையைச் செய்துகொண்டிருக்கும். 18 மாதங்களுக்கு ஒருமுறை ஒர்க்‌ஷாப்புக்கு வரும் பெட்டியில், தரைவிரிப்பையும் பலகையையும் பெயர்த்துவிட்டு நாங்கள் சுத்தியலால் தட்டுவோம். நல்ல இரும்பு கணீரென்று பதில் சொல்லும். அரித்த இரும்பு பொத்தென்று அடங்கும். வெளியே தெரியும் துருவைவிட உள்ளே இருப்பது எப்போதும் அதிகம். நல்ல தகடு வரும்வரை வெட்டித்தான் ஆக வேண்டும்.

வெட்டுவதற்கு முன் பெட்டிக்குத் தாங்கல் கொடுத்து மட்டம் பார்க்க வேண்டும். இல்லாவிட்டால் அது பாரத்தில் தொய்ந்துவிடும்; தொய்ந்த கோணத்திலேயே பற்றவைத்துக் கோணலை நிரந்தரமாக்கிவிடுவோம். பற்றவைப்பதிலும் அவசரம் கூடாது. ஒரே மூச்சில் நீளமாக இழுத்தால் சூட்டில் தகடு முறுக்கிக்கொள்ளும். இங்கே கொஞ்சம், தள்ளிக் கொஞ்சம், நடுவில் ஆறவிட்டு.

இத்தனை செய்தும் ஒன்றைப் பார்க்காவிட்டால் எல்லாம் வீண். அடித்தகட்டில் தண்ணீர் வடிவதற்கென்றே துளைகள் உண்டு. பெட்டிக்குள் தண்ணீர் வரவே வராது என்று அதை வடிவமைத்தவர்கள் நம்பவில்லை. கழுவுவார்கள், கொட்டுவார்கள், குழாய் கசியும், மழை அடிக்கும். வந்தது போக வழி இருந்தால் போதும் என்றுதான் நினைத்தார்கள். அழுக்கு சேர்ந்து அந்தத் துளை அடைபடும்போதுதான் துருவுக்குக் கொண்டாட்டம்.

டெல்லிக்கு வந்து சேர்ந்த எத்தனையோ தமிழ்க் குடும்பங்களில் இதையே பார்க்கிறேன். மகனுக்குக் குர்கானில் வேலை. கும்பகோணத்து வீட்டைப் பூட்டிவிட்டு அம்மாவை அழைத்து வருகிறான். ஆறு மாதத்தில் மாமியாருக்கும் மருமகளுக்கும் டிகாக்‌ஷன் இறங்கியது முதல் டிவி சத்தம் வரை எல்லாவற்றிலும் உரசல். மாமியார் பொல்லாதவர் என்று ஒரு பக்கம், மருமகள் சரியில்லை என்று ஒரு பக்கம். இரண்டு பக்கத்துக்கும் நடுவே மகன் பட்டி பூசுகிறான்: அம்மாவுக்குப் புடவை, மனைவிக்கு ஓட்டல் சாப்பாடு.

தண்ணீர் எங்கிருந்து வந்தது, ஏன் தேங்கியது என்று அவன் கேட்பதில்லை. ஊரில் அந்த அம்மாவுக்கு வருத்தமே இல்லாமலா இருந்தது? இருந்தது. பூக்காரியிடம் கொஞ்சம், கோயில் பிரகாரத்தில் கொஞ்சம், எதிர்வீட்டுத் திண்ணையில் கொஞ்சம் என்று அன்றன்றைக்கே வடிந்தது. இந்தி தெரியாமல் நான்காம் மாடியில் உட்கார்ந்திருப்பவருக்கு அத்தனை துளைகளும் ஒரே நாளில் அடைபட்டன. தேங்கியது கடைசியில் சுவரும் தரையும் சேரும் இடத்தில்தானே நிற்கும்?

அதனால் யார் பக்கம் நியாயம் என்ற பஞ்சாயத்தைத் தள்ளிவையுங்கள். முதலில் இருவருக்கும் தாங்கல் கொடுங்கள். அம்மாவை ஆர்.கே.புரம் மலை மந்திருக்கு வாரம் ஒருமுறை அழைத்துப் போய், அவசரப்படுத்தாமல் விட்டுவிட்டு வாருங்கள். தங்கையோடு மத்தியானம் ஒரு மணி நேரம் போனில் பேசட்டும். உங்களைப் பற்றிக் குறையாகவே பேசினாலும் ஒட்டுக் கேட்காதீர்கள். மருமகளும் தன் பிறந்த வீட்டில் அப்படித்தான் கொட்டுவாள், கொட்டட்டும். பிறகு இருவரிடமும் தனித்தனியே, “இந்த வீட்டில் உனக்கு எது பிடிக்கவில்லை?” என்று கேளுங்கள். சொல்லி முடிக்கும்வரை குறுக்கே பேச வேண்டாம். அன்றைக்கே பதில் சொல்லவும் வேண்டாம். ஆறிய பிறகு, கொஞ்சம் கொஞ்சமாகப் பற்றவைக்கலாம்.