விலையும் நாவன்மையும்

"வாயுள்ள பிள்ளை பிழைக்கும்" என்பது எம்மவர் பழமொழி. பிழைப்பது நன்றே. ஆயின், வாயில்லாப் பிள்ளை யாது செய்யும் என்பதைப் பழமொழி கூறாது விடுத்தது. ஒரே பண்டத்தை ஒரே நாளில் ஒரே கடையில் வாங்கும் இருவருள், பேச வல்லவன் ஒரு விலையும் பேசமாட்டாதவன் பிறிதொரு விலையும் கொடுத்தல் முறையாகுமா? மலருக்குக் கட்டுரை ஒன்று தருமாறு மலர்க்குழுவினர் பணித்தபோது, நாம் பல்லாண்டாக வாழ்ந்துவரும் அமெரிக்க ஐக்கிய நாட்டிலே மோட்டார் வண்டி வாங்கும் வகையைப்பற்றி எழுதத் துணிந்தோம். பொருள் சிறிதெனத் தோன்றலாம். அதனுள்ளே கிடக்கும் வினா சிறிதன்று.

அந்நாட்டிலே உப்பு முதல் உடை வரை எப்பண்டத்துக்கும் விலைச்சீட்டு உண்டு. கடைகளிலே "சற்றுக் குறைத்துத் தாருங்கள்" என்பாரைக் காண்டல் அரிது. இவ்வழக்கம் தானே முளைத்ததன்று. 17ஆம் நூற்றாண்டில் இங்கிலாந்திலே தோன்றிய குவேக்கர் என்னும் சமயக் குழுவினர், தாம் கொள்ள எண்ணிய விலையினும் மிகுத்து ஒரு விலை கூறுதல் பொய்யுரைத்தலே எனக் கருதினர். ஆதலால் தம் கடைகளில் யாவர்க்கும் ஒரே விலை கூறினர். 1861இல் பிலடெல்பியா நகரிற் கடை திறந்த யோன் வனமேக்கர், இம்முறையை அமெரிக்கப் பெருங்கடைகளில் நிலைபெறச் செய்தாருள் முன்னிற்பவர்.

யாவும் மாறிய பின்னரும் மோட்டார் வண்டி மட்டும் மாறாது நின்றது. அதற்குக் காரணங்கள் இரண்டு கூறலாம். புதிய வண்டி வாங்குவோர் பலர் தம் பழைய வண்டியை ஈடாகக் கொடுத்து மிகுதியைப் பணமாகச் செலுத்துவர். பழைய வண்டிக்கு விலைச்சீட்டு இல்லை. அதன் விலை பேசித் தீர்க்கப்பட வேண்டியதே. ஒன்றின் விலை பேச்சாகவே, மற்றதன் விலையும் பேச்சாயிற்று. மேலும், வண்டி செய்யும் நிறுவனங்களுட் பல தாமே நேரில் விற்பதில்லை; தனி முகவர்களே விற்கின்றனர். நிறுவனங்கள் நேரே விற்பதைத் தடுக்கும் அல்லது வரையறுக்கும் சட்டங்களும் பல மாநிலங்களில் உள. முகவர் தாம் விரும்பிய விலைக்கு விற்கலாம்.

1958இல் ஒக்லகோமா மாநிலத்துச் செனற்றர் மொன்றோனி என்பாரின் முயற்சியால் ஒரு சட்டம் பிறந்தது. புதிய வண்டி ஒவ்வொன்றின் கண்ணாடியிலும் செய்தோர் விதந்துரைக்கும் விலையைப் பொறித்த சீட்டு ஒட்டப்பட வேண்டும் என்பது அதன் விதி. இன்றும் அச்சீட்டை அவர் பெயராலேயே வழங்குவர். ஆயினும், விதந்துரைத்த விலை விற்கும் விலை அன்று. பேச்சு எங்கே தொடங்கும் என்பதைச் சீட்டுக் காட்டும். எங்கே முடியும் என்பதைக் காட்டாது. 1990இல் விற்பனைக்கு வந்த சற்றேண் வண்டிகள் பேரமற்ற விலைக்குப் பெயர்பெற்றன. அவ்வண்டிகளும் 2010உடன் மறைந்தன.

எமது தங்கை தாதியாகப் பணியேற்று நியூ யேர்சி மாநிலத்துக்கு வந்த காலத்து நிகழ்ச்சி ஒன்றை இங்கே கூறல் பொருந்தும். இரவுக் கடமைக்குச் செல்லப் பேருந்து இல்லாமையால் வண்டி இன்றியமையாததாயிற்று. அவருடன் முகவர் நிலையம் ஒன்றுக்குச் சென்றோம். விற்பனையாளர் இன்முகத்தர். "விலை என்ன?" என்று தங்கை கேட்டார், "மாதந்தோறும் எவ்வளவு செலுத்த இயலும்?" என்று அவர் வினாவினார். விலையைக் கேட்டவருக்குத் தவணை விடையாக வந்தது. தவணை சிறிதாயின் மாதங்கள் பலவாகும். மாதங்கள் பலவாகவே மொத்தத் தொகை கண்ணுக்கு மறைந்துவிடும். பின்னர், "மேலாளரைக் கேட்டு வருகிறேன்" எனக் கண்ணாடி அறைக்குள் மும்முறை சென்று மும்முறை மீண்டார். ஒவ்வொரு முறையும் விலை சிறிது இறங்கியது. "இவ்விலை இன்றைக்கு மட்டுமே" என்னும் எச்சரிக்கையும் உடன் வந்தது. இரண்டு மணி நேரம் கழிந்தது.

தங்கை எழுந்தார். "அண்ணா, எந்த விலைக்கு வாங்கினாலும், வேறொருவர் இதிலும் குறைவாக வாங்கியிருப்பார் என்ற எண்ணம் எனக்குப் போகாது. நாங்கள் போவோம்" என்றார். அவர் எண்ணம் வீண் போகவில்லை. அவருடன் பணிபுரியும், அந்நாட்டிலேயே பிறந்த பெண்மணி ஒருவர், அதே மாதத்தில், அதே நிலையத்தில், அதே வகை வண்டியை 1,200 டொலர் குறைவாக வாங்கியிருந்தமை மறுநாள் தெரியவந்தது.

இஃது ஒரு தனி நிகழ்ச்சியாயின் எழுதியிரோம். 1991இல் சட்டப் பேராசிரியர் இயன் எயர்ஸ் சிக்காகோ நகர்ப்புறத்திலே தாம் செய்த ஆய்வொன்றை வெளியிட்டார். வெள்ளையரும் கறுப்பரும், ஆடவரும் மகளிருமாகிய சோதனையாளர், ஒரே முறையிலே பேசப் பயிற்றப்பெற்று, ஏறத்தாழ 90 முகவர் நிலையங்களுக்கு அனுப்பப்பட்டனர். வெள்ளை ஆடவருக்குக் கூறிய விலையில் அடங்கிய இலாபத்தினும், வெள்ளை மகளிருக்குக் கூறியதில் 40 சதவீதம் மிகுதி. கறுப்பு ஆடவருக்கு இரு மடங்கின் மேல். கறுப்பு மகளிருக்கு மும்மடங்கின் மேல். பேசிய பேச்சு ஒன்றே. பேசியவர் மட்டுமே வேறு. ஆகவே, நாவன்மை ஒன்றே விலையைத் தீர்மானிக்கிறது என நாம் தொடக்கத்திற் கூறியதும் முழு உண்மையன்று. பேச வல்லார்க்கும், கேட்பவர் செவி திறந்தாலன்றிப் பயனில்லை.

இவ்விடத்திலேதான் வண்டி வாங்கித்தரும் சேவைகள் துணைபுரிகின்றன. 1995இல் தோன்றிய ஓட்டோபைரெல் இணையவழி வந்த இத்தகையவற்றுள் முற்பட்டது. அதன் பின் பல எழுந்தன. பொருட்களை மொத்தமாக விற்கும் அங்கத்துவக் கழகங்களும் கடன் கூட்டுறவுச் சங்கங்களும் தம் உறுப்பினர்க்காக முகவர்களோடு முன்னரே விலை ஒழுங்கு செய்தலும் உண்டு. வாங்குவோர் வேண்டும் வண்டியின் வகை, நிறம், உறுப்புக்கள் என்பவற்றைக் குறிப்பிடுவர்; செய்தி முகவர் பலருக்குச் செல்லும்; அவர்கள் விலையை எழுத்திலே தருவர். எழுத்துக்கு முகமில்லை, உச்சரிப்பும் இல்லை.

தங்கையும் அவ்வாறே செய்தார். இரண்டு நாளில் நான்கு விடைகள் வந்தன. அவற்றுள் ஒன்று, நாம் இரண்டு மணி நேரம் இருந்து வந்த அதே நிலையத்தினது! நேரிலே இறுதியாகக் கூறிய விலையினும் அது 1,000 டொலர் குறைந்திருந்தது. அவர் அங்கே வாங்கவில்லை. நான்கனுள் ஆகக் குறைந்த விலை கூறிய வேறொருவரிடம் வாங்கினார்.

ஆய்வாளரும் இதனை அளந்துள்ளனர். பியோனா ஸ்கொற் மோர்ட்டன் முதலிய மூவர் 2001இல் வெளியிட்ட ஆய்வின்படி, ஓட்டோபைரெல் வழியே வாங்கியோர் சராசரியாக ஏறத்தாழ 2 சதவீதம் குறைந்த விலை கொடுத்தனர். அவர்களே 2003இல் வெளியிட்ட மற்றோர் ஆய்வு இதனினும் சிறந்த உண்மையைக் காட்டுகின்றது: நேரில் வாங்குமிடத்து வெள்ளையரினும் மிகுதியாகக் கொடுத்த சிறுபான்மையினர், இணையவழி வாங்குமிடத்து ஏறக்குறைய வெள்ளையர் கொடுத்த அதே விலையையே கொடுத்தனர். பேரத்தால் யார் மிகுதியும் இழந்தனரோ, அவர்களே பேரம் நீங்கியதால் மிகுதியும் பயன்பெற்றனர்.

எனினும், சேவைகளைக் கண்மூடிப் புகழ்தல் எமது கருத்தன்று. இவற்றுட் பலவற்றுக்கு ஊதியம் கொடுப்போர் முகவரே. கூலி கொடுப்பவர் முகவராயின், சேவையை வாங்குவோரின் வழக்கறிஞர் என எண்ணுதல் தகாது. மேலும், வண்டியின் விலை எழுத்தில் வந்தாலும், பணம் கட்டும் அறையிலே பேச்சு மீண்டும் தலைதூக்கும். பத்திரக் கட்டணம், நீடித்த உத்தரவாதம், வண்ணப்பூச்சுக் காப்பு எனப் பல சேர்க்கைகள் அங்கே முன்வைக்கப்படும். கடனை முகவர் வாயிலாகப் பெறின், கடன் கொடுப்போர் விதித்த வட்டியின் மேல் முகவர் தம் பங்கையும் சேர்த்தல் கூடும். ஆதலால், கடனை முன்னரே வங்கியில் ஒழுங்குசெய்க. பழைய வண்டியின் விலையைத் தனியே அறிக. வரியும் கட்டணமும் உட்பட்ட இறுதித் தொகையை எழுத்திலே கேட்க. இம்மூன்றும் செய்யாதார்க்குச் சேவையால் வரும் ஊதியம் ஒரு கையில் வந்து மறு கையிற் போய்விடும்.

"பேரம் பேசுதல் எம்மவர் கலை அன்றோ? சுன்னாகச் சந்தையிலே வாழைக்குலைக்கு விலை பேசாது வாங்குவார் உளரோ?" என நண்பர்கள் வினவலாம். நன்று. ஆயின், அங்கே குலை விற்பவரும் வாங்குபவரும் ஒரே அறிவுடையார். அன்றைய வரத்து இவ்வளவு, நேற்றைய விலை இவ்வளவு என்பதை இருவரும் அறிவர். அறாவிலை கூறினால் அடுத்த குலைக்காரரிடம் செல்லப் பத்து அடி நடந்தாற் போதும். நாளையும் அவர்கள் முகம் பார்க்க வேண்டியவர்கள். முகவர் நிலையத்திலோ, ஒருவர் நாள்தோறும் விற்பவர். மற்றவர் பல்லாண்டுக்கு ஒருமுறை வாங்குபவர். ஒருவர் கையிலே கணக்குப் புத்தகம் உண்டு. மற்றவர் கையிலே தேவை மட்டுமே உண்டு. முன்னையது சமமானவரிடையே நிகழும் பேச்சு. பின்னையது அத்தகையதன்று.

நடுவுநிலைமையைப் பேசிய வள்ளுவர், அவ்வதிகாரத்தின் இறுதிக் குறளை வணிகர்க்கு உரியதாக்கினார். தராசு கையில் ஏந்துவோர்க்கு நடுவுநிலைமை பிறரினும் மிகுதியாக வேண்டும் என்பது அவர்க்கு நன்கு தெரிந்தது போலும்.

இன்று வகுப்பறையிலிருந்து இம்மலரைப் படிக்கும் தம்பியருட் சிலர் நாளை வணிகராவர், சிலர் மேலாளராவர், கடல் கடந்து சென்று அந்நிய மொழியிலே தடுமாறி விலை கேட்பாரும் உளராவர். விலை கேட்கும் நிலை வாய்த்தால், எழுத்திலே கேளுங்கள், பலரிடம் கேளுங்கள், எழுந்து செல்ல அஞ்சாதீர்கள். விலை கூறும் நிலை வாய்த்தால், வாயுள்ள பிள்ளைக்குக் கூறும் விலையையே வாயில்லாப் பிள்ளைக்கும் கூறுங்கள்.