குமிழி வருதா பாரு

தண்ணீர்த் தொட்டிக்குள் அந்தப் பித்தளைப் பொருளை இரண்டு கையாலும் அமுக்கிப் பிடித்துக்கொண்டு, "காத்த விடுடா" என்றார் பாய். கடைப் பையன் கம்ப்ரஸர் வால்வைத் திறந்தான். நானும் என்னை அங்கே கூட்டிப்போன தம்பியும் தொட்டியின் மேல் குனிந்தோம். பழுப்புத் தண்ணீரில் முதலில் ஒன்றுமில்லை. பிறகு இடது மூலையிலிருந்து ஊசிமுனை அளவில் ஒரு குமிழி, அதன் பின்னால் இன்னொன்று. சைக்கிள் டியூபுக்குப் பஞ்சர் பார்ப்பது போலத்தான். பாய் தலையை நிமிர்த்தாமலே அந்த இடத்தில் கட்டைவிரலை வைத்தார். "இங்க ஒரு பொட்டு ஈயம். அவ்ளோதான்."

புதுப்பேட்டையில் கார்களைப் பிரித்துப் போட்டு விற்கும் கடைகளுக்கு நடுவே பாயின் ரேடியேட்டர் பட்டறை. தொட்டியில் கிடந்தது ஏதோ ஒரு பழைய காரின் ஹீட்டர் கோர். குளிர்காலத்தில் காருக்குள் வெதுவெதுப்பாக இருக்க, என்ஜின் தண்ணீரைச் சுற்றவிடும் குட்டி ரேடியேட்டர் அது. தடித்த நோட்டுப் புத்தகம் அளவு இருக்கும். மெட்ராஸில் ஓடிய காரில் ஹீட்டர் போட்டவர் யார்? ஆகையால் வண்டி கிழமாகிக் காயலான் கடைக்கு வந்த பிறகும் இது மட்டும் ஏறக்குறையப் புதுசாகவே இருந்தது. தம்பிக்கு அதிர்ஷ்டம்.

அவன் பெரம்பூரில் ஒரு மாடிப் போர்ஷனில் அம்மாவோடு இருக்கிறான். முப்பரிமாண அனிமேஷன் வேலை. ஒரு காட்சியை 'ரெண்டர்' போட்டால் கம்ப்யூட்டர் விடிய விடிய மூச்சுவாங்கும். அதிலிருக்கும் ஐ7-12700கே பிராஸஸர் சாதாரணமாக 125 வாட், முழுமூச்சில் 190 வாட் வரை இழுக்கக்கூடியது. தபால்தலையைவிடச் சற்றே பெரிய ஒரு சில்லில் இரண்டு சாலிடரிங் அயர்ன் எரிகிற மாதிரி சூடு. சூடு 100 பாகையைத் தொட்டால் அது தானாகவே வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். "மே மாசம் மதியத்துல நான் காசு கொடுத்து வாங்கின வேகம் எனக்கே கிடைக்கலக்கா" என்றான். ரிச்சி தெருவில் ஆயத்தமாகப் பெட்டியில் போட்ட தண்ணீர்க் குளிரூட்டி கிடைக்கிறதே என்று கேட்டேன். தானே செய்து பார்க்க ஆசை என்றான். அதற்கு மேல் நியாயம் கேட்கவில்லை. வீட்டில் வடகம் போடுகிறவர்களிடம் கடையில் விற்கிறதே என்று யாரும் கேட்பதில்லை.

பொருள் சேர்க்க அவன் போன பாதை எனக்குப் பிடித்திருந்தது. மோட்டார், வண்ணமீன் கடைகள் வரிசையாக இருக்கும் கொளத்தூரில். மீன்தொட்டிக்குப் போடும் 18 வாட் பம்ப். குழாய் ஹார்டுவேர் கடையில். மேஸ்திரிகள் சுவருக்கு மட்டம் பார்க்கும் தண்ணீர் டியூப் இருக்கிறதே, அதே வகை, அரை அங்குலத் துளை. தண்ணீர் பேட்டரி கடையில். இன்வெர்ட்டருக்கு ஊற்றும் டிஸ்டில்டு வாட்டர்தான், ஐந்து லிட்டர் கேன். போர் தண்ணீரை ஊற்றினால் நம் வீட்டு வெந்நீர்ப் பாத்திரத்தின் அடியில் படிகிற வெள்ளை உப்பு, சில்லின் மேல் வைக்கும் செம்புக் கட்டியின் மில்லிமீட்டர் அகலக் கால்வாய்களில் படிந்து அடைத்துவிடும். ரிச்சி தெருவில் வாங்கியது கடைசியாக ஒரு சின்ன டியூப் தெர்மல் பேஸ்ட் மட்டும். அங்கிருந்து கூவத்தைத் தாண்டினால் பாய் கடை.

பாய் ஈயம் வைப்பதைப் பார்க்க வேண்டும். சாலிடர் இரும்பைச் சூடாக்கி நவச்சாரக் கட்டியில் ஒரு தேய்ப்பு. வெண்புகை குப்பென்று எழுந்து மூக்கில் ஏறியது. எங்கள் தெருவுக்குப் பாத்திரத்துக்கு ஈயம் பூச வருபவரின் துருத்தியருகே சின்ன வயதில் நின்ற அதே நெடி. ஓட்டை இருந்த இடத்தைச் சுரண்டி, ஆசிட் தொட்டு, ஈயக் குச்சியைக் காட்டினார். உருகி ஓடி, தானே விரிந்து, தானே நின்றது. ஒரு நிமிஷம்கூட ஆகவில்லை. மறுபடி தொட்டி, மறுபடி காற்று. குமிழி இல்லை.

"இப்பல்லாம் இந்த வேலை எங்க வருது?" என்றார். புது வண்டிகளில் ரேடியேட்டர் அலுமினியம், அதன் தொட்டி பிளாஸ்டிக். இரண்டையும் மடித்துக் கவ்வ வைத்திருப்பார்கள். ஈயம் ஒட்டாது. ஓட்டை விழுந்தால் கழற்றி எறிந்துவிட்டுப் புதுசு. தட்டைக் கம்பி விட்டு ஒவ்வொரு குழலாகக் குத்திச் சுத்தம் செய்யத் தெரிந்தவர்கள் அந்தத் தெருவில் இன்னும் எத்தனை பேர் என்று கேட்டேன். விரல்களை விரித்துக் காட்டினார். ஒரு கை போதுமானதாக இருந்தது.

அவருக்கு ஒரு கதை சொன்னேன். 1998-ல் வந்த இன்டெல் செலரான் 300ஏ என்ற மலிவுச் சில்லை 300 மெகாஹெர்ட்ஸிலிருந்து 450-க்கு விரட்டலாம் என்று கண்டுபிடித்த பிறகு அமெரிக்காவில் கம்ப்யூட்டர் பித்துப் பிடித்தவர்கள் சூட்டோடு மல்லுக்கட்டத் தொடங்கினார்கள். மீன்தொட்டி பம்பும் கார் ஹீட்டர் கோரும்தான் அவர்களுடைய ஆயுதங்கள். 1977-ஆம் வருஷத்து பாண்டியாக் பான்வில் காரின் ஹீட்டர் கோருக்கு அவர்களிடையே தனி மவுசு. பாய் சிரித்தார். "அமெரிக்காக்காரனுக்கும் காயலான் கடைதானா?"

ஐபிஎம் 1980-ல் அறிவித்த 3081 பெருங்கணினிக்குள்ளும் தண்ணீர்தான் ஓடியது என்பதை நான் சொல்லவில்லை. காயலான் கடையோடு நிற்பதுதான் அந்த மத்தியானத்துக்குப் பொருத்தமாக இருந்தது.

சில்லின் மேல் உட்காரும் செம்புக் கட்டி மட்டும் எந்தக் காயலான் கடையிலும் கிடைக்காது. அதற்கு அம்பத்தூரில் ஒரு லேத் பட்டறை. அங்கே மில்லிங் மிஷினில் நிற்பவரைத் தம்பி 'மாஸ்டர்' என்றான். 50 மில்லிமீட்டர் சதுரம், 12 மில்லிமீட்டர் கனத்தில் செம்பு. அதன் ஒரு பக்கத்தில் ஒரு மில்லிமீட்டர் அகலத்தில் வரிவரியாக வாய்க்கால். தண்ணீர் அந்த வாய்க்கால்களில் ஓடி வெப்பத்தை வாங்கிக்கொள்ள வேண்டும். மாஸ்டருக்குச் செம்பின் மேல் கோபம். "இரும்பு உதிரும், பித்தளை சிதறும். இது சூயிங்கம் மாதிரி டூலைப் புடிச்சிக்கும்." அவசரப்பட்டதில் ஏற்கெனவே இரண்டு மெல்லிய டூல்கள் உடைந்திருந்தன. மூன்றாவதை வைத்து, பால் போன்ற கூலண்ட் தண்ணீரைப் பீய்ச்சியபடி மெதுவாக இறக்கினார். அரை மணி நேரம் அந்த வெள்ளை ஒழுக்கையே பார்த்துக்கொண்டிருந்த பிறகுதான் எனக்கு உறைத்தது: தண்ணீர் விட்டு உலோகத்தின் சூட்டைத் தணிப்பது இவர் பணிக்காலம் முழுக்கச் செய்துவரும் காரியம். நாங்கள்தான் புதுசாக எதையோ கொண்டுவந்ததாக நினைத்துக்கொண்டிருந்தோம்.

அடிப்பக்கத்தைக் கண்ணாடிப் பலகையில் வாட்டர் பேப்பர் விரித்துத் தேய்த்தார்கள். 400, 800, 1200 என்று. தம்பி முகம் தெரியும்வரை தேய்க்கத் தயாராக இருந்தான். மாஸ்டர் கையைப் பிடித்து நிறுத்தினார். "மொகம் தெரியணும்னு இல்லப்பா, மட்டமா இருக்கணும்."

மேல்மூடிக்கு ஓர் அலுமினியத் தகடு தயாராக இருந்தது. தம்பி வேண்டாமென்று அக்ரிலிக் போடச் சொன்னான். சரியான முடிவு. ஒரே தண்ணீரில் செம்பும் அலுமினியமும் நனைந்தால் பேட்டரி மாதிரி ஆகி, அலுமினியம் கொஞ்சம் கொஞ்சமாக அரித்துப்போகும். முதலில் ஒரு பைக் ரேடியேட்டரை வாங்க இருந்தவன் அதை விட்டதும் இதனால்தான்.

பெரம்பூரில் கூட்டிச் சேர்த்த ஞாயிற்றுக்கிழமை நானும் போனேன். ஐஸ் போடலாமே என்று நான் ஒரு யோசனை சொல்லி மூக்குடைபட்டேன். சென்னையின் மே மாதக் காற்றில் இருக்கும் ஈரத்துக்கு, ஏறத்தாழ 26 பாகைக்குக் கீழே எதைக் குளிரவைத்தாலும் சோடா பாட்டிலில் வேர்ப்பதுபோல வேர்த்துவிடும். வேர்வை சொட்டுவது மதர்போர்டின் மேல்.

சோதனைக்கு மதர்போர்டுக்கு மின்சாரம் கொடுக்கவில்லை. ஒவ்வொரு இணைப்பின் கீழும் டிஷ்யூ பேப்பரை மடித்து வைத்து, பவர் சப்ளையின் 24 முனைச் செருகியில் பச்சை ஒயரையும் கறுப்பு ஒயரையும் ஒரு பேப்பர் கிளிப்பால் இணைத்து, மின்விசிறிகளை மட்டும் ஓடவிட்டான். மீன்தொட்டி பம்ப் வீட்டு மின்சாரத்தில் ஓடுவது. அதற்குத் தனியே ஒரு ரிலே வைத்திருந்தான். கம்ப்யூட்டரைப் போட்டால் பம்பும் சேர்ந்து ஓடும். பம்பை மறந்துவிட்டு ரெண்டர் போட்டால் கதை கந்தலாகிவிடும். உள்ளே சிக்கிய காற்று கடகடவென்று சத்தம் போட்டது. பெட்டியை இப்படியும் அப்படியும் சாய்த்து, முதுகில் தட்டிக் குழந்தைக்கு ஏப்பம் எடுப்பதுபோலக் காற்றை வெளியேற்றினோம். 24 மணி நேரம் ஓட வேண்டும் என்பது கணக்கு. ஆறாவது மணியிலேயே ஒரு டிஷ்யூ நனைந்தது. பாய் வைத்த ஈயம் கல் மாதிரி இருந்தது. தம்பி பிளேடால் கோணலாக அறுத்த டியூப் முனைதான் கசிந்தது. நேராக வெட்டி, கிளிப்பை இறுக்கி, கணக்கை முதலிலிருந்து தொடங்கினான்.

மறுவாரம் முழுச்சுமையில் ஓடுவதைப் பார்த்தேன். அறை 34 பாகை, தண்ணீர் 41, சில்லு 78. பழைய காற்று விசிறிக்கு இதே வேலையில் 100 தொட்டுவிடும். போகிற குழாயையும் வருகிற குழாயையும் தொட்டுப் பார்த்தேன். ஒன்று சுடும், ஒன்று ஜில்லென்றிருக்கும் என்று நினைத்திருந்தேன். வித்தியாசமே தெரியவில்லை. கணக்குப் போட்டால் புரிகிறது: நிமிஷத்துக்கு ஒரு லிட்டர் ஓட்டத்தில் தண்ணீரை ஒரு பாகை சூடேற்றவே 70 வாட் தேவை. இங்கே ஓடியது மூன்று லிட்டர். ஏறத்தாழ 200 வாட் வெப்பத்தை ஏற்றிக்கொண்டும் தண்ணீர் சலனமில்லாமல் வந்தது.

தம்பி பெருமையோடு திரும்பி அம்மாவைப் பார்த்தான். அவர் ரேடியேட்டருக்கு எதிரே சோபாவில் சீரியல் பார்த்துக்கொண்டிருந்தார். கையில் பனையோலை விசிறி.

"பெட்டிக்குள்ள இருந்த அனலையெல்லாம் எடுத்து என் மூஞ்சில ஊதுறான்."

அவர் சொன்னதில் பௌதிகப் பிழை ஏதுமில்லை. தண்ணீர் சூட்டை அழிக்கவில்லை, சில்லிலிருந்து சோபாவுக்குச் சுமந்து வந்திருக்கிறது. பம்ப் இழுக்கும் 18 வாட்டையும் கூடவே.

தம்பி கொஞ்ச நேரம் ஜன்னலையே பார்த்தான். பிறகு டேப் எடுத்து ஜன்னலிலிருந்து மேஜை வரை அளந்தான். ரேடியேட்டரை வெளியே கம்பியில் மாட்டினால் இன்னும் இரண்டரை மீட்டர் டியூப் வேண்டும். நிழல் விழும் பக்கம்தான். மழைக்கு ஒரு தகரம் போட்டால் போதும். பாய்க்கு போன் போட்டு, மாட்டுவதற்கு ஃப்ரேமில் காது வைத்துத் தர முடியுமா என்று கேட்டான். ஸ்பீக்கரில் பாய் குரல் பட்டறைச் சத்தத்துக்கு மேலே கேட்டது.

"வச்சித் தரேன். முன்னாடி கொசுவலை அடிச்சிரு தம்பி. இல்லேன்னா காக்கா கூடு கட்டிரும்."