நடக்கத் தெரிந்த வண்டி

என் ஜீப்பில் கியர் ராடுக்குப் பக்கத்தில் இரண்டு குட்டைக் கம்பிகள் உண்டு. ஒன்றைப் போட்டால் முன் சக்கரங்களுக்கும் இழுவை போகும். இன்னொன்று வண்டியை ‘லோ’வில், அதாவது வேகம் குறைந்து இழுவை கூடும் நிலையில், போடும். முதல் கம்பியைப் போடாமல் இரண்டாவதைப் போட முடியாது. உள்ளேயே அப்படிப் பூட்டு வைத்திருக்கிறார்கள்.

போடியில் அம்மாவை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போகவும், சந்தைக்குப் போகவும், ஏலக்காய் மூட்டை ஏற்றவும் தினமும் ஓடுகிற வண்டி இது. அந்த வேலைகளுக்கு இந்தக் கம்பிகள் தேவையில்லை. காய்ந்த தார் ரோட்டில் முன் இழுவையைப் போடவும் கூடாது. வளைவில் முன் சக்கரங்கள் கடக்கும் தூரம் பின் சக்கரங்களைவிடக் கூடுதல். அந்த வித்தியாசத்துக்கு இடம்கொடுக்க முன்னச்சுக்கும் பின்னச்சுக்கும் நடுவில் ஏற்பாடு எதுவும் கிடையாது. மண் ரோட்டில் சக்கரம் கொஞ்சம் வழுக்கிச் சரிசெய்துகொள்ளும். தாரில் வழுக்க வழியில்லாமல் ஸ்டியரிங் இறுகிவிடும். அதனால் ஊருக்குள் இரண்டு கம்பிகளும் சும்மா நிற்கின்றன. ஆனாலும் இந்த வண்டியில் எனக்கு மிகவும் பிடித்தது அந்த இரண்டாவது கம்பிதான்.

ஒரு மழை நாளில் உட்கார்ந்து கணக்குப் போட்டுப் பார்த்தேன். வண்டி, வில்லிஸ் உரிமத்தில் மகிந்திரா செய்த பழைய பெட்ரோல் சிஜே3பி. முதல் கியரின் விகிதம் ஏறத்தாழ 2.8, லோவின் விகிதம் 2.46, அச்சில் 5.38. மூன்றையும் பெருக்கினால் 37 வருகிறது. இன்ஜின் 37 முறை சுற்றினால்தான் சக்கரம் ஒரு முறை சுற்றும். இன்ஜினை நிமிடத்துக்கு ஆயிரம் சுற்றில் விட்டால் வண்டி மணிக்கு நான்கு கிலோமீட்டருக்கும் குறைவாக நகரும். அது மனுஷன் நடக்கிற வேகம்.

இது தற்செயலாக அமைந்ததில்லை. 1940-இல் அமெரிக்க ராணுவம் ஒரு சின்ன வண்டி கேட்டபோது, மணிக்கு ஐம்பது மைல் ஓட வேண்டும் என்றதோடு மூன்று மைல் வேகத்திலும் திணறாமல் போக வேண்டும் என்றும் கேட்டது. நடந்து போகும் சிப்பாய்களோடு சேர்ந்து போக வேண்டிய வண்டி அது. முதல் மாதிரியைச் செய்ய 49 நாள்தான் கெடு. பென்சில்வேனியாவில் பட்லர் என்ற ஊரில் இருந்த பேண்டம் என்ற சிறிய கம்பெனி, கார்ல் பிராப்ஸ்ட் என்ற பொறியாளரை வரைபடம் போடக் கூப்பிட்டது. செப்டம்பர் 23-ஆம் தேதி வண்டியை ஓட்டிக்கொண்டுபோய் ஒப்படைத்தார்கள். பிறகு வில்லிஸும் ஃபோர்டும் லட்சக்கணக்கில் செய்தன. அதன் வழிவந்த வண்டிகளை 1940-களின் கடைசியில் பம்பாயில் மகிந்திரா பூட்டத் தொடங்கியது. வேகமாகப் போவது எப்படி என்று பல வண்டிகளுக்குச் சொல்லித்தர முடிகிறது. நடக்கச் சொல்லித்தர வேண்டும் என்று யோசித்தவர்கள் மேல் எனக்குப் பெரிய மரியாதை.

எங்கள் மேற்கு மலைக்கு அந்த வேகம் புதிதில்லை. போடிமெட்டு ரோட்டின் 17 கொண்டை ஊசி வளைவுகளில் இன்று பஸ் போகிறது. ஆனால் மலைக்கும் ஊருக்கும் நடுவில் தலைச்சுமையாகவும் கழுதை முதுகிலும் சரக்குப் போன பாதைகள் அதற்கு முந்தியவை. மூணாறு தேயிலை ஒரு காலத்தில் குறுகிய ரயிலில் டாப் ஸ்டேஷன் வரை வந்தது. 1902-இல் மாடுகள் இழுக்கும் ஒற்றைத் தண்டவாளமாகத் தொடங்கி, 1908-இல் ரயிலானது அது. டாப் ஸ்டேஷனிலிருந்து தேயிலைப் பெட்டிகள் கம்பிவட ரோப்வேயில் குரங்கணிப் பக்கம் இறங்கும்; அங்கிருந்து வண்டி கட்டிப் போடிக்கு வரும். 1924 வெள்ளம் அந்த ரயிலைக் கொண்டுபோனது, திரும்பப் போடவேயில்லை. குரங்கணியில் நிற்கும்போதெல்லாம் நிமிர்ந்து பார்க்கிறேன். அத்தனை பெரிய ஏற்பாடு ஒரு மழைக்காலத்தில் போய்விட்டது. நடைபாதைகள் அப்படியே இருக்கின்றன.

அந்த மலையில்தான் கொழுக்குமலையும் இருக்கிறது. அங்கே நான் முதலில் போனது வேறொருவர் ஓட்டிய ஜீப்பில். அங்குள்ள எஸ்டேட் இருப்பது தேனி மாவட்டத்தில், ஜீப் ரோடு வருவது கேரளத்துச் சூரியநெல்லியிலிருந்து. ரோடு என்று சொல்வது மரியாதைக்குத்தான், எல்லாம் கல். இறங்கும்போது டிரைவர் அண்ணன் வண்டியை நிறுத்தி, “கீழ இறங்கி நட தம்பி. உள்ள இருந்தா ஆட்டம் மட்டுந்தான் தெரியும், வேலை தெரியாது” என்றார். இறங்கிப் பக்கத்தில் நடந்தேன். லோவில் முதல் கியர். கால் பிரேக்கிலும் இல்லை, ஆக்சிலேட்டரிலும் இல்லை. உருளும் கல்லில் பிரேக்கை மிதித்தால் சக்கரம் நின்றுபோய் வண்டி சறுக்கும். கியர் பிடித்தால் சக்கரம் சுற்றிக்கொண்டே தாங்கும். இடது முன் சக்கரம் ஒரு கல்லைத் தொட்டது, இருட்டில் படி இறங்குகிறவர் காலால் தடவிப் பார்ப்பதுபோல ஒரு கணம் தயங்கியது, ஏறியது. மேலே எழும்பிய பக்கத்து ஸ்பிரிங் பட்டை நிமிர, மறுபக்கச் சக்கரம் குழிக்குள் தானாக நீண்டு இறங்கியது. நான்கும் நான்கு விதமாக அசைய, மேலே இருந்த டிரைவர் அண்ணன் மட்டும் அசையாமல் உட்கார்ந்திருந்தார்.

வழியில் தோட்டத்து அக்காக்கள் சிலர் வேலை முடிந்து சேர்ந்துகொண்டார்கள். ஒருவர் தலையிலிருந்த சாக்கை எடுத்து, ஓடிக்கொண்டிருக்கும் ஜீப்பின் பின்னால் வைத்தார். வண்டியை நிறுத்தச் சொல்லவில்லை. நிறுத்த வேண்டியும் இருக்கவில்லை. கையை வீசிக்கொண்டு கூடவே நடந்து வந்தார். ஜன்னல் கதவு எதுவும் இல்லாததால் டிரைவர் அண்ணனோடு பேச்சும் நடந்தது: யார் வீட்டில் விசேஷம், எந்தப் பக்கம் யானை. நானும் நடந்தேன். எங்கள் எல்லோருக்கும் ஜீப்புக்கும் ஒரே வேகம். இப்படி ஒரு வண்டியை வாங்க வேண்டும் என்று முடிவு செய்தது அந்த இறக்கத்தில்தான்.

இன்றைக்கும் விடியுமுன் போடி, தேவாரம், கம்பம் பக்கத்திலிருந்து பெண்கள் ஏலத்தோட்டங்களுக்கு ஜீப்பில்தான் ஏறிப்போகிறார்கள். அவற்றில் அளவுக்கு மீறி ஆட்களை அடைப்பது எனக்குக் கோபம் தரும் விஷயம். எட்டுப் பேருக்கான பட்டையில் பதினைந்து பேர் பாரம் விழுந்தால் இறக்கத்தில் கியரும் காப்பாற்றாது. அதைப்போலவே, பழைய ஜீப்பை வாங்கிப் பளபளவென்று பெயிண்ட் அடித்து, கல்யாண ஊர்வலத்துக்கு மட்டும் வெளியே எடுப்பதும் எனக்குப் பிடிப்பதில்லை. நின்றே கிடக்கும் வண்டியில் ஆயில் சீல் காய்ந்து ஒழுகும், பிரேக் சிலிண்டர் பிடித்துக்கொள்ளும், டேங்கில் துரு கட்டும். தினம் சந்தைக்குப் போகும் வண்டிக்கு அந்த நோய்கள் வருவது குறைவு. பெட்ரோல் அதிகம் குடிக்கும், மழையில் தோள் நனையும். அதைத் தெரிந்துதான் ஓட்டுகிறேன்.

அக்கா மகளுக்கு இப்போது இதில்தான் ஓட்டப் பழக்குகிறேன். காய்ந்த கண்மாயில், முதலில் லோவை. அந்த வேகத்தில் பயப்பட நேரம் நிறைய இருக்கிறது, பயப்பட எதுவும் இல்லை. கிளட்ச் எங்கே பிடிக்கிறது, எந்தச் சக்கரத்துக்கு அடியில் என்ன இருக்கிறது என்று அவள் சத்தமாகச் சொல்லிக்கொண்டே ஓட்டுவாள். “மாமா, இது என்னைய இழுக்கல, நான் சொல்றதைக் கேக்குது” என்றாள். மலையடிவாரத்து முந்தலிலிருந்து குரங்கணிக்கு அவளே ஓட்டிப் போக வேண்டுமாம். அதற்குள் முன் பட்டையில் புஷ் மாற்ற வேண்டும்; பட்டறையில் சொல்லி வைத்திருக்கிறேன்.